லேபிள் இல்லாத கல் எஷர் ஆகுமா?

ஜெர்மனியின் சோலிங்கன் பக்கத்துப் பழஞ்சாமான் சந்தைகளில் சாம்பல் நிறத்தில் மழமழவென்று ஒரு தீட்டுக்கல் கிடந்தால் போதும், விற்பவர் ‘எஷர்’ என்று சொல்லிவிடுகிறார். விலை உடனே பல மடங்கு ஏறிவிடும். சவரக்கத்தி தீட்டும் பழைய இயற்கைக் கற்களுக்கு இப்படி நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பது நிற்க வேண்டும் என்பதே என் கட்சி. வாங்குகிறவர் ஏமாறுவது ஒரு பக்கம். கல் எந்த மலையிலிருந்து வந்தது என்ற செய்தியும் அதோடு அழிகிறது.

எஷர் என்பது தூரிங்கியா மாநிலத்தின் சோனெபெர்க் ஊரில் இருந்த ஒரு நிறுவனம். கல் வெட்டப்பட்டது அதே தூரிங்கியாவின் ஷ்டைனாக் வட்டாரத்தில். அந்த வட்டாரக் கல்லை வேறு வியாபாரிகளும் விற்றார்கள். எஷர் கல்லின் மேல் ஒரு தாள் லேபிள் இருக்கும். முனையில் நீலப்பச்சை, மஞ்சள்பச்சை என்று நிறத்தைச் சொல்லும் சின்ன லேபிள். இவை இல்லையென்றால் ‘தூரிங்கியக் கல்லாக இருக்கலாம்’ என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லக்கூடாது. லேபிளின் துணுக்கு ஒட்டியிருந்தாலும் தண்ணீர் படுவதற்கு முன் படம் எடுத்துவிட வேண்டும். அந்தத் தாள் நனைந்தால் உரிந்துவிடும்.

நிறத்தைவிட நான் நம்புவது எடையை. சமையலறைத் தராசே போதும். உலர்ந்த கல்லை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் முழுக்க அமிழ்த்துங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு. 276 கிராம் கல் 100 காட்டினால் அடர்த்தி 2.76. சிலேட்டுக்கல் வகைக்கு இது பொருந்தும். அமெரிக்காவின் ஆர்கன்சா கல் ஏறக்குறைய முழுக்கக் குவார்ட்ஸ், அது 2.65-ஐத் தாண்ட வழியில்லை, நுண்துளை மிகுந்த மென்மையான வகை இன்னும் கீழே இறங்கும். பெல்ஜியத்தின் ஆர்டென் மலையில் வியல்சாம் பக்கம் கிடைக்கும் மஞ்சள் நிறக் கோட்டிக்யூலில் கனமான கார்னெட் மணிகள் செறிந்திருப்பதால் அது 3-ஐயே தாண்டக்கூடும். எண்ணெய் ஊறிய கல் கணக்கைக் கெடுக்கும். அடியில் வேறு கல் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். கணக்கு சரியாகவே வந்தாலும், இது இன்ன கல் இல்லை என்று விலக்கத்தான் உதவும். வேல்ஸ் நாட்டுச் சிலேட்டும் தூரிங்கியச் சிலேட்டும் ஒரே எண்ணில் வந்து நிற்கலாம்.

அதனால்தான் பக்கவாட்டைப் பார்க்கச் சொல்கிறேன். கோட்டிக்யூலைக் கொஞ்சம் நனைத்து, மஞ்சளும் அடிக்கல்லும் சேரும் கோட்டில் பூதக்கண்ணாடியைப் பிடியுங்கள். மஞ்சள் அடுக்கும் நீலமோ ஊதாவோ ஆன அடுக்கும் நிலத்திலேயே ஒன்றாக உருவானவை என்றால், எல்லை நெளியும். சில இடங்களில் ஒன்று மற்றொன்றுக்குள் நுழைந்திருக்கும். கோடு ரூல் போட்டதுபோல் நேராக ஓடி, நடுவே பசைப் படலம் தெரிந்தால், மெல்லிய மஞ்சள் கல்லைச் சிலேட்டில் ஒட்டியிருக்கிறார்கள். அதுவும் பழைய, நல்ல வழக்கம்தான். சவரத்துக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் வெட்டிய சார்ன்லி ஃபாரஸ்ட் கல்லுக்குப் பச்சை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகளும் கோடுகளும் அடையாளம். அதையும் பக்கங்களில்தான் தேட வேண்டும். தீட்டித் தீட்டி அழுக்கேறிய மேல்முகம் பெரும்பாலும் எதையும் காட்டாது.

இவ்வளவையும் ஒரே மாலையில் அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பளபளப்பாக விற்க வேண்டும் என்று ஆறு முகங்களையும் உப்புத்தாளில் தேய்த்து, அறுப்புக் கோடு, லேபிள் பசை, ஒட்டுக் கோட்டின் கறை எல்லாவற்றையும் போக்கிவிடுகிறார்கள். தீட்டும் முகம் மட்டும் தட்டையாக இருந்தால் கத்திக்குப் போதும். மற்றப் பக்கங்களுக்கு மெல்லிய சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் தாராளம்.

விற்பவர்கள் விளம்பரத்தில் பெயருக்குப் பதிலாக உலர் எடை, தண்ணீரில் காட்டிய அளவு, நனைத்த நான்கு பக்கங்களின் படம் ஆகியவற்றைப் போடட்டும். அவை இல்லாத கல்லுக்கு நான் பெயரின் விலையைக் கொடுப்பதில்லை.