வள்ளலை வாழ்த்துவோம், வழிபார்த்து நிற்க மாட்டோம்!

வேளாங்கண்ணிக் கடற்கரையிலே நின்று வடக்கே நோக்குங்கள், தோழரே! பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலே நாகைத் துறைமுகம். ஒரு காலத்திலே அங்கிருந்துதான் கப்பல் கப்பலாக நம் மக்கள் மலேயாவுக்குப் போனார்கள். நெல் விளையும் மண்ணிலே பிறந்தவன், உண்ண நெல்லின்றிக் கங்காணியின் பின்னே கடல் கடந்தான். ரப்பர் மரத்தைக் கீறினான், பால் வடிந்தது, செல்வம் குவிந்தது. யாருக்கு?

வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கு! நம்மவர் சிலருக்கும்! அந்தச் சிலரிலே ஒருவர் கோட்டையூர் அழகப்பச் செட்டியார். 1909-ல் பிறந்தார், எம்.ஏ. படித்தார், பாரிஸ்டர் ஆனார். மலேயாவிலே ரப்பர்த் தோட்டம், கேரளத்திலே நூற்பாலை என்று பெரும்பொருள் ஈட்டினார்.

"மேடையிலே முதலாளிகளைச் சாடுகிறவன் கோடீசுவரரைப் பாட வந்துவிட்டானே!" என்று ஏளனம் பேசுவோர் பேசட்டும். நல்லதை நல்லதென்று சொல்ல நமக்கு நா கூசாது.

1947 ஜூலையிலே, சென்னையில், அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. கல்லூரி தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டுமென்று துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் கேட்டார். காரைக்குடியிலே கல்லூரி காண்பேன் என்று அங்கேயே அறிவித்தார் அழகப்பர். அடுத்த மாதமே வகுப்புத் தொடங்கியது! மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தந்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். பெண்கள் படிக்கத் தாம் வாழ்ந்த மாளிகையையே விட்டுக் கொடுத்தார். நோய் உடலை உருக்க, 1957 ஏப்ரல் 5-ஆம் நாள், 48 வயது நிறையுமுன்னே மறைந்தார்.

அவரைக் காட்டி இன்று சிலர் வாதாடுகிறார்கள். "கல்வியும் மருத்துவமும் அரசுக்கு எதற்கு? வரியைக் குறையுங்கள், செல்வர்கள் அள்ளி வழங்குவார்கள்" என்கிறார்கள்.

வழங்குவார்களா? தாமாகவே வழங்குவார்களென்றால் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் எதற்காக வந்தது? பெரிய நிறுவனங்கள் சராசரி இலாபத்திலே 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென்று ஏன் விதித்தது? நூறிலே இரண்டை எடுக்கச் சட்டம் தேவைப்பட்டது! சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் கொடுத்துவிட்டுப் பெயர்ப்பலகையிலே வள்ளல் பட்டம் சூட்டிக்கொள்வதா? குடியிருந்த வீட்டைக் கொடுத்தவருக்கும் இவர்களுக்கும் ஒரே பெயரா?

இன்னொன்று கேட்கிறேன். கல்லூரி காரைக்குடிக்கு வந்தது, வள்ளல் பிறந்தது அந்தப் பக்கம் என்பதால். வள்ளல் பிறக்காத ஊர் என்ன பாவம் செய்தது? மலேயாவிலே மரம் கீறியவனின் பேத்தி, கீழ்வேளூரிலே நாற்று நடுகிறவளின் மகள், தங்கள் ஊரிலே ஒரு செல்வர் பிறக்கும்வரை எழுத்தறியாமல் காத்திருக்க வேண்டுமா?

அழகப்பரே நமக்குச் சாட்சி! அவர் தந்த நிலத்திலே இன்றும் ஆய்வு நடத்துவது மத்திய அரசின் நிறுவனம். அவர் நட்ட கல்லூரிகளின் மண்ணிலே 1985-ல் எழுந்தது தமிழக அரசு அமைத்த பல்கலைக்கழகம். விதை அவருடையது; அதை மரமாக வளர்த்தது மக்கள் செலுத்திய வரிப்பணம்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியிலே கொடியேறும். இலட்சக்கணக்கானோர் நடந்தே வந்து கைகூப்பி வேண்டுவார்கள். அது அவர்கள் நம்பிக்கை. அதற்கு நாம் தலைவணங்குவோம். ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் மருந்துக்கும் மனிதன் முன்னே மனிதன் கைகூப்ப வேண்டாம், தோழரே! வழங்குகிறவரை வாழ்த்துவோம், வரவேண்டியதை வரியாக வாங்குவோம், பள்ளியை உரிமையாகப் பெறுவோம்!