மலையில் யாருடைய சொல்லைக் கேட்பீர்கள்?

அன்பான சபை மக்களே,



சென்ற வாரம், வெளிநாட்டில் பணிபுரியும் நம் சபை இளைஞர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரமாகிய மோன் பிளாங்கில் வரும் கோடையில் ஏறப் போகிறாராம். அதன் உயரம் ஏறத்தாழ 4,800 மீட்டர். "போதகர் ஐயா, பாதை முழுவதும் என் கைபேசியிலேயே இருக்கிறது. வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் வீண் அல்லவா? உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கும்படி அம்மா சொன்னார்கள்" என்றார். அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லோருக்கும் எழுதுவது நலம் என்று நினைத்தேன். நம் பிள்ளைகளில் பலர் இன்று தொலைதூர தேசங்களில் இருக்கிறார்கள். மலைகள் அவர்களையும் அழைக்கின்றன.

சில இடங்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோவில் பதிவு பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி கிடையாது. நேபாளமும் 2023 ஏப்ரல் முதல், மலைப்பாதைகளில் நடக்க வரும் அயல்நாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் செல்ல வேண்டும் என்று அறிவித்தது. மோன் பிளாங்கில் அப்படிப்பட்ட கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாத இடத்தில்தான் நம் மனச்சாட்சி விழித்திருக்க வேண்டும்.

கைபேசி வழியைக் காட்டும். மலையின் அன்றைய நிலையைக் காட்டாது. பனியாற்றில் ஆழமான பிளவுகள் உண்டு. புதுப்பனி அவற்றின்மேல் மெல்லிய பாலம்போல் மூடிக்கிடக்கும். நேற்று பத்துப் பேரைத் தாங்கிய பாலம் இன்று ஒருவரையும் தாங்காமல் போகலாம். மோன் பிளாங்கில் பலர் ஏறும் பாதையில் ஒரு செங்குத்தான ஓடையைக் குறுக்கே கடக்க வேண்டும். வெயில் ஏற ஏற, பனியில் உறைந்திருந்த கற்கள் பிடிவிட்டு அதன் வழியாக உருண்டு வரும். எந்த நேரத்தில் அதைக் கடப்பது, எந்த நாளில் கடக்காமலே திரும்புவது என்பதை ஆண்டுதோறும் அங்கே நடந்த கால்கள் அறியும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உயரம் ஏறும்போது காற்றின் அழுத்தம் குறைகிறது. உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். மீறினால் தலைவலியும் வாந்தியும் வரலாம். முற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், மூளை வீங்கும். அப்போது நிதானித்து முடிவெடுக்கும் ஆற்றலும் தடுமாறும். "எனக்கு ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்பவரே ஆபத்தில் இருப்பவராக இருக்கலாம். ஆகவே, தெளிந்த புத்தியுள்ள இன்னொருவர் அருகில் இருப்பது அவசியம்.

அப்படியானால் வழிகாட்டி இல்லாமல் ஏறுகிறவர்கள் எல்லாரும் அகந்தையுள்ளவர்களா? அப்படிச் சொல்ல மாட்டேன். பல ஆண்டுகள் பனியிலும் பாறையிலும் பயின்று, தகுந்த துணையோடு செல்பவர்கள் உண்டு. உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: கயிற்றின் மறுமுனையில் இருக்கும் நண்பன் பனிப்பிளவில் விழுந்தால், அவனை மேலே தூக்க எனக்குத் தெரியுமா? "தெரியாது" என்பது விடையானால், வழிகாட்டியை அமர்த்துங்கள். மலை வழிகாட்டிகளின் சர்வதேசக் கூட்டமைப்பு 1965 முதல் இயங்கி வருகிறது. அதன் சான்று பெற்றவரா என்று விசாரித்து அமர்த்துங்கள்.

ஆனால் பணம் கொடுத்ததோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. 1820-ஆம் ஆண்டு ஹாமெல் என்ற இயற்கை அறிவியலாளர், இரண்டு ஆங்கிலேயருடனும் சாமொனி ஊர் வழிகாட்டிகளுடனும் மோன் பிளாங்கில் ஏறினார். வானிலை கெட்டது, வழிகாட்டிகள் தயங்கினார்கள். பயணிகளோ ஏறியே தீர வேண்டும் என்றார்கள். பனிச்சரிவு வந்தது. மூன்று வழிகாட்டிகள் பிளவுக்குள் அடித்துச் செல்லப்பட்டு மாண்டார்கள். அமர்த்தியவர்கள் உயிரோடு திரும்பினார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1861-இல், பனியாற்றின் அடிவாரத்தில் அவர்களுடைய உடல்களின் எச்சங்கள் வெளிப்பட்டன. அந்தத் துயரத்துக்கு அடுத்த ஆண்டே சாமொனி வழிகாட்டிகள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அவர்களிடம் அறிவு இருந்தது. அதைக் கேட்கும் செவிதான் அன்று இல்லை.

1996 மே மாதத்தில் எவரெஸ்டில் ஒரே புயலில் எட்டுப் பேர் இறந்தார்கள். ராப் ஹால், ஸ்காட் ஃபிஷர் என்ற அனுபவமிக்க வழிகாட்டிகள் இருவரும் அவர்களில் அடக்கம். திரும்ப வேண்டிய நேரம் கடந்த பின்னும் அன்று ஏற்றம் தொடர்ந்தது. கொடுத்த பணம் சிகரத்தை எதிர்பார்க்கும்; அந்த எதிர்பார்ப்பு வழிகாட்டியின் தோளிலும் பாரமாக ஏறும். அதனால், "திரும்புவோம் என்று நீங்கள் சொன்னால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன்" என்று புறப்படும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்தச் சொல் அவருடைய பாரத்தைக் குறைக்கும்.

2014 ஏப்ரல் 18-ஐயும் நினைத்துப் பாருங்கள். நாம் பெரிய வெள்ளி ஆராதனைக்குக் கூடிய நாள் அது. அன்று காலையில் எவரெஸ்டின் கும்பு பனியருவியில் பனிப்பாறைகள் சரிந்து, நேபாளத்தைச் சேர்ந்த 16 மலைத்தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்கள் தங்களுக்காக ஏறியவர்கள் அல்லர்; பிறர் ஏறுவதற்காக வழியை ஆயத்தப்படுத்தியும் சுமை சுமந்தும் சென்றவர்கள். நம் ஆசைக்காக இன்னொருவர் தம் உயிரைப் பணயம் வைக்கும்போது, அவருக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் பேசலாமா? அவருக்குக் காப்பீடு உண்டா, சுமைதூக்குவோருக்குக் குளிருக்கேற்ற உடையும் வேளைக்கு உணவும் உண்டா என்று கேட்பது நம் கடமை. மிகக் குறைந்த விலை சொல்லும் நிறுவனம் எதில் மிச்சம் பிடிக்கிறது என்றும் கேட்டுப் பாருங்கள்.

"ஜெபித்துவிட்டுப் போகிறேன், தேவன் காப்பார்" என்று சொல்பவர்களும் நம்மிடையே உண்டு. ஜெபித்தே செல்லுங்கள். ஆனால் வனாந்தரப் பயணத்தை நினைவுகூருங்கள். மேகம் முன்சென்ற அந்தப் பயணத்திலும், பாளயமிறங்கத் தக்க இடங்களை அறிந்த ஓபாவைத் தம்முடன் வரும்படி மோசே வருந்தி அழைத்தார். அவ்விடத்தை அறிந்த மனிதனின் உதவியைத் தேடியது அவருடைய விசுவாசத்துக்குக் குறைவாகவில்லை.

ஆகவே அந்த இளைஞருக்கு நான் சொன்னது இதுதான்: "தம்பி, வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். அதற்குப் பணம் போதவில்லையென்றால் அடுத்த கோடை வரை காத்திருங்கள். மலை எங்கும் போய்விடாது. போனபின் அவர் சொல்லைக் கேளுங்கள். அவரும் வீடு திரும்ப வேண்டியவர். அவருக்கும் ஒரு அம்மா இருப்பார்."

சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "சரி ஐயா, அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன்" என்றார்.

உங்கள் பிள்ளைகளும் மலைக்குப் புறப்பட்டால், யாரோடு போகிறார்கள் என்று கேளுங்கள். "அவர் திரும்பச் சொன்னால் திரும்புவாயா?" என்றும் மறவாமல் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் போதகர்