செய்தியை இழந்த ஒன்பது மணி

நாட்டின் முன்னணிச் செய்தி அலைவரிசைகளில் ஏதேனும் ஒன்றை இரவு 9 மணிக்குப் பார்ப்பவருக்கு, அன்றைய தினம் நாட்டில் என்ன நடந்தது என்பது பெரும்பாலும் தெரியவராது. ஆறு அல்லது எட்டுச் சதுரங்களில் ஆறு அல்லது எட்டு முகங்கள் தெரியும். அனைவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அவர்கள் எல்லோரையும்விட உரத்த குரலில் நெறியாளர் பேசுவார். நாடாளுமன்றத்தில் அன்று நிறைவேறிய மசோதா எது, உச்ச நீதிமன்றம் எந்த வழக்கில் என்ன கூறியது, அசாமில் வெள்ளம் வடிந்ததா என்பதையெல்லாம் திரையின் அடியில் ஓடும் எழுத்துகளில் தேடிக்கொள்ள வேண்டியதுதான். செய்திக்கென்றே அனுமதி பெற்ற தனியார் அலைவரிசைகள் ஏறத்தாழ 400 இருக்கும் நாட்டில், மக்கள் அதிகமாகத் தொலைக்காட்சி முன் அமரும் நேரத்தில் செய்தி அறிக்கை அருகிப்போயிருக்கிறது.

இந்த நிலை ஒரே நாளில் ஏற்பட்டுவிடவில்லை. 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கிய இந்தியத் தொலைக்காட்சி, 1965-ல்தான் அன்றாடச் செய்தி அறிக்கையை ஒளிபரப்பத் தொடங்கியது. 1976 ஏப்ரல் 1 முதல் அகில இந்திய வானொலியிலிருந்து தூர்தர்ஷன் தனித் துறையாகப் பிரிக்கப்பட்டது. தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. 1982 ஆகஸ்ட் 15 முதல் 'தேசிய நிகழ்ச்சி' என்ற பெயரில் நாடு முழுவதற்கும் தில்லியிலிருந்து ஒரே ஒளிபரப்பு தொடங்கியது. இரவு எட்டரை மணியைத் தாண்டியதும் மாநில நிலையங்கள் தத்தம் மொழி நிகழ்ச்சிகளை நிறுத்திக்கொண்டு தில்லியோடு இணைந்தாக வேண்டும் என்பதே ஏற்பாடு.

தேசத்தை ஒரு நேரத்தில், ஒரு திரையின் முன் அமர வைப்பது அன்றைய மத்திய அரசின் நோக்கம். அது பாதிதான் நிறைவேறியது. வட மாநிலங்களில் இந்திச் செய்தியும், அதனை அடுத்து 1984-ல் தொடங்கிய 'ஹம் லோக்' போன்ற நெடுந்தொடர்களும் வீடுகளின் அன்றாட நியதியாயின. தமிழகத்திலோ, 'ஒலியும் ஒளியும்' பார்ப்பதற்காகத் திண்ணை நிறையக் கூடியவர்கள், இந்திச் செய்தி தொடங்கியதும் பெட்டியை அணைத்துவிட்டு உணவுக்கு எழுந்தனர். மொழியறியாத செய்தி யாருக்கும் செய்தியாகாது என்ற எளிய உண்மையைத் தில்லி உணர மறுத்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. தொடங்கியபோது அதற்குக் கிடைத்த வரவேற்பில் பத்தாண்டுக் காலப் புறக்கணிப்பின் பங்கும் உண்டு.

அரசின் ஏகபோகத்தில் இருந்த செய்தி, நம்பகத்தன்மையிலும் தோற்றது. நெருக்கடி நிலைக் காலத்தில் வானொலியும் தொலைக்காட்சியும் பயன்படுத்தப்பட்ட விதத்தைக் கண்ட ஜனதா அரசு, பி.ஜி. வர்கீஸ் தலைமையில் 1977-ல் ஒரு குழுவை அமைத்தது. ஒலி, ஒளிபரப்பைத் தன்னாட்சி பெற்ற அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1978-ல் அக்குழு பரிந்துரைத்தது. அதை நிறைவேற்றும் அவசரம் எவருக்கும் இருக்கவில்லை. 1984 அக்டோபர் 31 காலையில் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் மறைந்த செய்தியைப் பி.பி.சி. வானொலி வாயிலாக நாடு அறிந்த பிறகு, மாலையில்தான் அரசு ஊடகங்கள் அதனை அறிவித்தன. தங்கள் நாட்டின் செய்தியைத் தெரிந்துகொள்ள அன்னிய வானொலியை நாடும் நிலையில் மக்கள் இருந்தார்கள். ஆகவே, அந்த நாள்களைப் பொற்காலம் என்று போற்றுவதற்கு ஏதுமில்லை.

ஆயினும், அந்த ஏற்பாட்டில் கவனிக்கத்தக்க ஒன்று இருந்தது. தூர்தர்ஷனில் செய்தி, நெடுந்தொடருக்கும் திரைப்பாடலுக்கும் இடையில் வந்தது. தொடரைப் பார்க்க அமர்ந்த இல்லத்தரசியும், பாட்டு கேட்க வந்த இளைஞரும், கிரிக்கெட்டுக்குக் காத்திருந்த முதியவரும் நாட்டு நடப்பைக் கேட்டே தீர வேண்டியிருந்தது. அரசியலில் நாட்டமில்லாதவர் காதிலும் அன்றாடம் சிறிதளவு அரசியல் விழுந்தது. இந்தத் தற்செயலான பொது அறிவுதான் பின்னர் தொலைந்துபோனது.

1991 வளைகுடாப் போரின்போது சி.என்.என். வந்தது. 1992 அக்டோபரில் ஜீ டி.வி. வந்தது. அலைக்கற்றை பொதுச் சொத்து, அதில் அரசுக்கு ஏகபோகம் கிடையாது என்று 1995 பிப்ரவரியில் வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு தூர்தர்ஷனின் மெட்ரோ அலைவரிசையில், அரை மணிக்கும் குறைவான 'ஆஜ் தக்' செய்தி அறிக்கை தொடங்கியது. அதன் ஆசிரியர் எஸ்.பி. சிங், அலுவலக இந்தியைக் கைவிட்டுக் கடைவீதி இந்தியில் செய்தி சொன்னார். அரசைச் சாராத ஒரு செய்தி அறிக்கை, அரசின் திரையிலேயே, குறித்த இரவு நேரத்தில் வந்தது. இந்தியத் தொலைக்காட்சிச் செய்தியின் மிகச் சிறந்த ஆண்டுகள் எவை என்று கேட்டால், பலரும் இந்தச் சில ஆண்டுகளையே சுட்டுவர்.

திருப்பம் 2000-ல் ஏற்பட்டது. அவ்வாண்டு ஜூலை 3 அன்று ஸ்டார் பிளஸ் அலைவரிசையில் 'கௌன் பனேகா குரோர்பதி' இரவு 9 மணிக்குத் தொடங்கியது. அதே நாளில் 'கியூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ' நெடுந்தொடரும் தொடங்கியது. டிசம்பர் 31 அன்று 'ஆஜ் தக்' 24 மணி நேரச் செய்தி அலைவரிசையாகியது. கேளிக்கை ஒரு பக்கமும் செய்தி மறுபக்கமுமாகப் பிரிந்தன. அரசின் விதிகள் இந்தப் பிரிவினையை உறுதிப்படுத்தின. செய்தி அலைவரிசைகளில் அன்னிய முதலீட்டுக்கு 2003-ல் 26 சதவீத உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 2015-ல் அது 49 சதவீதமாக உயர்த்தப்பட்டது. செய்தி சாராத அலைவரிசைகளுக்கு இந்த வரம்பு இல்லை. அதற்கு ஈடாக அவை செய்தி ஒளிபரப்பவும் கூடாது. நாட்டின் செய்தி அன்னியர் கைக்குப் போய்விடக் கூடாது என்ற எண்ணத்தில் தவறில்லை. ஆனால், தொடர் மட்டுமே பார்க்கும் கோடிக்கணக்கான வீடுகளுக்கு முன்னிரவில் செய்தியே எட்டாது என்பது அதன் விளைவு.

பிற நாடுகளில் இத்தகைய மாற்றம் பொது விவாதத்துக்கு உள்ளாகிறது. பிரிட்டனில் ஐ.டி.வி. நிறுவனம் தனது இரவு 10 மணிச் செய்தியை 1999 மார்ச்சில் கைவிட்டபோது, பிரதமர் டோனி பிளேர் உள்பட அரசியல் தலைவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். பார்வையாளர் எண்ணிக்கை சரிந்ததைச் சுட்டிக்காட்டி ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டது. 2001 ஜனவரியில் அச்செய்தி மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் பி.பி.சி. தனது 9 மணிச் செய்தியை 10 மணிக்கு மாற்றியதும் நாடளாவிய சர்ச்சையானது. செய்தியின் நேரம் என்பது அங்கே பொது நலன் சார்ந்த விஷயம். இந்தியாவில் முன்னிரவுச் செய்தி மறைந்தபோது நாடாளுமன்றத்தில் ஒரு குரலும் ஓங்கி ஒலிக்கவில்லை.

கேளிக்கை அலைவரிசைகளில் செய்தி இல்லாவிட்டால் என்ன, செய்திக்கென்றே அலைவரிசைகள் உள்ளனவே என்று கேட்கலாம். அங்குதான் இரண்டாவது இழப்பு நேர்ந்தது. நாள் முழுவதும் செய்தி சொல்லும் அலைவரிசைக்கு இரவில் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை என்ற வாதம் எழுந்தது. பார்வையாளருக்குச் செய்தி ஏற்கெனவே தெரியும், இனி அவருக்குத் தேவை கருத்து என்று கூறப்பட்டது. 2006-ல் டைம்ஸ் நவ் தொடங்கிய பிறகு, அதன் 9 மணி விவாதத்தின் பாணி ஏனைய அலைவரிசைகளுக்கு இலக்கணமாயிற்று. தமிழ்ச் செய்தி அலைவரிசைகளும் அந்த வடிவத்திலிருந்து தப்பவில்லை.

இதன் பின்னால் உள்ள கணக்கு எளிது. ஒரு நிருபரையும் ஒளிப்பதிவாளரையும் பஸ்தருக்கோ மணிப்பூருக்கோ அனுப்பி, நான்கு நாள் தங்கவைத்து, ஐந்து நிமிடச் செய்தி எடுப்பதற்கு ஆகும் செலவு மிகுதி. கட்சிக்கு ஒருவராக அறுவரை அவரவர் வீட்டிலிருந்தே பேசவைத்து ஒரு மணி நேரத்தை நிரப்புவதற்கு ஆகும் செலவு சொற்பம். கேபிள், டி.டி.எச். நிறுவனங்களுக்குக் கட்டணம் செலுத்தி வீடுகளைச் சென்றடைய வேண்டிய அலைவரிசைகள், விளம்பர வருவாயையே நம்பியிருக்கின்றன. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் குறைவது நிருபர்களின் எண்ணிக்கைதான்.

பார்வையாளர் அளவீட்டின் மீது பழி போடுவது வழக்கம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஏறத்தாழ 21 கோடித் தொலைக்காட்சி வீடுகள் உள்ள நாட்டில், 2020-ல் பார்க் அமைப்பின் அளவீட்டுக் கருவிகள் 50,000-க்கும் குறைவான வீடுகளிலேயே இருந்தன. அவ்வாண்டு அக்டோபரில் அளவீட்டில் முறைகேடு நடந்ததாக மும்பை காவல் துறை குற்றஞ்சாட்டியதைத் தொடர்ந்து, செய்தி அலைவரிசைகளுக்கான வாராந்திரப் புள்ளிவிவரம் நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில்தான் அது மீண்டும் வெளிவந்தது. அந்தப் பதினேழு மாதங்களில் 9 மணி விவாதங்களின் சுருதி குறைந்துவிடவில்லை. புள்ளிகளைத் துரத்துவதால்தான் கூச்சல் என்றால், புள்ளிகளே இல்லாத காலத்தில் கூச்சல் அடங்கியிருக்க வேண்டும். சிக்கனமும் பழக்கமும் அளவீட்டைவிட வலுவான காரணங்கள் என்பதையே இது காட்டுகிறது.

முன்னிரவு நேரத்தின் மதிப்பை ஊடகங்களைவிட அரசு நன்கு அறிந்திருக்கிறது. 2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தது இரவு 8 மணிக்கு. 2020 மார்ச் 24 அன்று நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு முழுவதும் பொது முடக்கத்தை அறிவித்ததும் இரவு 8 மணிக்கு. இரு இரவுகளிலும் அடுத்த ஒரு மணி நேரத்தில் குடிமக்களுக்குத் தேவைப்பட்டவை எளிய தகவல்கள். கையிலுள்ள பணத்தை எங்கே, எப்போது மாற்றலாம்? நாளை பால், காய்கறி, மருந்து கிடைக்குமா? ஊர் திரும்ப ரயில் உண்டா? முடக்க அறிவிப்பின் நான்காம் நாள், மார்ச் 28 அன்று, தில்லி ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடு திரண்டதற்கு வேலையும் கூலியும் போனதோடு, உறுதியான தகவல் எவரிடமும் இல்லாததும் ஒரு காரணம்.

அதே மார்ச் 28 அன்றுதான் தூர்தர்ஷன் பழைய 'ராமாயணம்' தொடரைக் காலை 9 மணிக்கும் இரவு 9 மணிக்கும் மறு ஒளிபரப்புச் செய்யத் தொடங்கியது. ஏப்ரல் 16 அன்று மட்டும் 7.7 கோடிப் பேர் அதனைப் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. வீட்டில் அடைபட்ட மக்களுக்கு அது ஆறுதல். குறை சொல்ல இயலாது. கைப்பேசிக் காலத்தில் குறித்த நேரத்தில் யாரும் தொலைக்காட்சி முன் அமர மாட்டார்கள் என்ற வாதத்தை அந்த எண்ணிக்கை தகர்த்தது என்பதே இங்கு முக்கியம். காரணம் இருந்தால் இந்தியக் குடும்பம் இன்றும் 9 மணிக்குக் கூடுகிறது.

செய்தி சேகரிப்பு சுருங்கியதன் விலையை 2023 மணிப்பூர் உணர்த்தியது. மே 3 அன்று அங்கு வன்முறை வெடித்தது. மறுநாள் பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமை, ஜூலை 19 அன்று ஒரு காணொளி கைப்பேசிகளில் பரவிய பிறகே நாட்டை உலுக்கியது. இணைய வசதி துண்டிக்கப்பட்டிருந்த மாநிலத்தில் நிகழ்ந்ததை வெளியுலகுக்குக் கொண்டுவருவது நிருபரின் வேலை. எத்தனை மணி நேரம் விவாதித்தாலும் அரங்கில் அமர்ந்திருப்பவருக்கு அது புலப்படாது.

என்ன செய்யலாம்? முதற்கடமை தூர்தர்ஷனுடையது. பொது நலன் சார்ந்த அனைத்து விஷயங்களிலும் சுதந்திரமாகவும் உண்மையாகவும் நடுநிலையோடும் தகவல் பெறும் குடிமக்களின் உரிமையைப் பாதுகாப்பது பிரசார் பாரதியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கூறுகிறது. அதனைக் கண்காணிக்க 22 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றக் குழுவை அமைக்க 13-ஆம் பிரிவு வகை செய்கிறது. 1997-ல் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு ஆட்சிகள் மாறின. இந்தப் பிரிவு ஏட்டளவிலேயே நின்றது. ஆளும் கட்சியாக இருக்கும்போது இதனை மறப்பதிலும், எதிர்க்கட்சியாகும்போது நினைவுகூர்வதிலும் தேசியக் கட்சிகளிடையே பூரண ஒற்றுமை நிலவுகிறது.

இரண்டாவதாக, அலைவரிசைகள் நாள்தோறும் 30 நிமிடம் பொதுச் சேவை நிகழ்ச்சிகளை ஒளிபரப்ப வேண்டும் என்று 2022 நவம்பரில் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இந்த 30 நிமிடத்தையும் துண்டு துண்டாக்கி, நள்ளிரவு முதல் காலை 6 மணி வரையிலான நேரம் நீங்கலாக எப்போது வேண்டுமானாலும் ஒளிபரப்பலாம் என்று 2023 ஜனவரியில் விளக்கமளிக்கப்பட்டது. இதில் பத்து நிமிடத்தையேனும் இரவு 8 மணிக்கும் 10 மணிக்கும் இடைப்பட்ட செய்தி அறிக்கைக்கு ஒதுக்கலாம். அன்னிய முதலீடு மிகுந்த கேளிக்கை அலைவரிசைகள், உள்நாட்டில் அனுமதி பெற்ற செய்தி நிறுவனம் தயாரித்த அறிக்கையை அவரவர் மொழியில் வாங்கி ஒளிபரப்ப விதியைத் தளர்த்தலாம். எந்தச் செய்தி நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது அலைவரிசையின் உரிமையாக இருக்க வேண்டும். நேரத்தை மட்டுமே அரசு நிர்ணயிக்கலாம். செய்தியின் வாசகத்தில் ஓர் எழுத்தையும் அது தொடக் கூடாது. 1975-ஐயும் 1984-ஐயும் கண்ட நாடு அந்த எல்லைக்கோட்டில் விழிப்போடு இருந்தாக வேண்டும்.

விவாதம் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். மக்களாட்சிக்கு விவாதம் இன்றியமையாதது. ஆனால், எதைப் பற்றி விவாதிக்கிறோம் என்பதை முதலில் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். செய்தி முன்னே வரட்டும், கருத்து பின்னே வரட்டும். இருபது நிமிடம் நாடு என்ன ஆயிற்று என்று சொல்லிவிட்டு, எஞ்சிய நாற்பது நிமிடம் அதைப் பற்றி எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் பேசட்டும். அந்த இருபது நிமிடத்தைத் தர மறுக்கும் அலைவரிசைக்குச் செய்தி அலைவரிசை என்ற பெயர் எதற்கு என்று பார்வையாளர்கள் கேட்கத் தொடங்க வேண்டும்.