அணியின் பெயரைக் கேள்வித்தாளிலேயே கொடுத்துவிடுங்கள்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் 'இதில் பயின்று வரும் அணி எது?' என்று கேட்பதை நிறுத்திவிடலாம் என்பது என் கட்சி. பெயரைக் கேள்வியிலேயே அச்சிட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும்? தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள்தான் சொல்கிறேன்.

தற்குறிப்பேற்ற அணியை எடுத்துக்கொள்ளுங்கள். பாடநூலிலும் நோட்ஸிலும் அதற்குச் சான்று சிலப்பதிகாரம். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதில்மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. வராதீர்கள் என்று அவை கைகாட்டி மறிப்பதாக இளங்கோவடிகள் பாடுகிறார். பிள்ளைகள் இலக்கணம், சான்று, அணிப்பொருத்தம் என்று தலைப்புப் போட்டு, அடிக்கோடிட்டு, ஒப்பித்ததை இறக்கிவைத்துவிடுவார்கள். முழு மதிப்பெண். படிக்காத பாடலைக் கொடுத்தால் 'போல' எங்கே என்று தேடுவார்கள்; கண்ணில் பட்டால் உவமையணி. வேடிக்கை என்னவென்றால், அந்த மதுரைக் கொடி வரியிலேயே ஒரு 'போல்' உட்கார்ந்திருக்கிறது!

நான் வகுப்பில் வேறொன்று கேட்பேன். "கொடி கைகாட்டினது கோவலனுக்குத் தெரிஞ்சுதா?" ஒரு வருஷம் ஒருத்தி, "தெரிஞ்சிருந்தா திரும்பிப் போயிருப்பானே டீச்சர்" என்றாள். பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன், "நமக்குத் தெரியும், அவனுக்குத்தான் தெரியாது" என்றான். அன்றைய பாடத்தை அவனே நடத்திவிட்டான்.

கொடிக்குச் சற்று முன்னால் வையை வருகிறாள். நடக்கப்போவதை அறிந்தவளாய், பூவாடையைப் போர்த்திக் கண்ணீரை மறைத்துக்கொள்கிறாள். கரைக்கு வந்த இருவரும், இது நீர் ஓடும் ஆறில்லை, பூ ஓடும் ஆறு என்று வியந்து தொழுகிறார்கள். அழுகையை மூடிய பூவையே அவர்கள் அழகென்று கும்பிடுகிறார்கள்! இந்த இடத்தைப் படித்த பிள்ளைக்கு ஓர் அணிப்பெயருக்கு மட்டும் மதிப்பெண் போட்டு அனுப்ப எனக்கு மனம் வந்ததே இல்லை.

தண்டியலங்காரத்தின்மேல் எனக்கு வருத்தமில்லை. 35 பொருளணிகளும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் தொல்காப்பியர் உவமையை எப்படிப் பிரித்தார்? ஒப்புமை வினையாலா, பயனாலா, மெய்யாலா, உருவாலா என்று. வகுப்பறைக்கு அந்தக் கேள்வி எவ்வளவோ மேல்.

விடைத்தாள் திருத்துகிறவர்களுக்குப் பொதுவான விடைக்குறிப்பு வேண்டாமா என்பார்கள். அதற்கென்ன, எழுதலாமே. கொடி எதை முன்கூட்டிச் சொல்கிறது என்று எழுதினால் ஒரு மதிப்பெண், அது கோவலனுக்கு ஏன் எட்டவில்லை என்று எழுதினால் இன்னொன்று. இதைச் சொன்னபோது கூட வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் சிரித்தார்: "நோட்ஸ் போடுறவன் அதுக்கும் பதில் எழுதி வித்துடுவான் டீச்சர்." விற்கட்டும். அடுத்த வருஷம் வையையைக் கேட்டுக்கொள்ளலாம்.