"வயதாகிவிட்டது" என்பது நோயின் பெயரல்ல



இந்த வாரத் தியானம் சற்றுக் காரமாகவே இருக்கும். அரசு மருத்துவமனைகளில் முதியவர்கள் நடத்தப்படும் விதத்தைக் குறித்தும், அதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கும் அரசாங்கத்தைக் குறித்தும் எழுத வேண்டியிருக்கிறது. எந்தக் கட்சியையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. மத்தியிலும் மாநிலத்திலும் கொடிகள் மாறியிருக்கின்றன. வார்டுகள் மாறவில்லை என்பதே என் வருத்தம்.

யோவான் சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெதஸ்தா குளத்தருகே 38 வருஷமாக வியாதியாய்க் கிடந்த மனுஷனிடம், சுகமடைய விருப்பமுண்டா என்று ஆண்டவர் கேட்கிறார். அவன் தன் வியாதி இன்னதென்று விவரிக்கவில்லை. தண்ணீர் கலங்கும் நேரத்தில் தன்னைக் கொண்டுபோய் இறக்கிவிட ஆள் இல்லை என்கிறான். தான் நகர்ந்து செல்வதற்குள் வேறொருவன் முந்திக்கொள்கிறான் என்கிறான். குளம் இருந்தது. ஐந்து மண்டபங்கள் இருந்தன. எவரும் கட்டணம் கேட்டதாக வேதம் சொல்லவில்லை. இருந்தும் அந்த மனுஷனுக்கு அது எட்டவில்லை.

நம்முடைய அரசு மருத்துவமனைகளும் இப்படித்தான் இருக்கின்றன. சிகிச்சை இலவசம், ஆனால் அந்தச் சிகிச்சை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆளை நோயாளியே வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வரவேண்டும். காலையில் ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, மருத்துவரைப் பார்க்க ஒரு வரிசை, இரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று. உள்நோயாளியாகச் சேர்ந்துவிட்டால் ஸ்ட்ரெச்சரைத் தள்ளவும், குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு எக்ஸ்ரே அறைவரை நடக்கவும், கழிவறைக்குத் தாங்கிச் செல்லவும், இரவில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கவும் ஒருவர் தேவை. "கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்பதே வார்டில் கேட்கப்படும் முதற்கேள்வி. மகன் வளைகுடாவிலும் மகள் பெங்களூரிலும் இருக்க, தனித்து வாழும் எழுபத்தெட்டு வயது விதவை அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வார்? இளைஞன் ஒருவன் துணையின்றி வந்தாலும் சமாளித்துக்கொள்வான். ஆகவே, எல்லோருக்கும் பொதுவானதாகத் தோன்றும் இந்த ஏற்பாடு முதியவரை மட்டும் வெளியே நிறுத்துகிறது. யாரும் அவரைத் துரத்தவில்லை. வரிசைதான் துரத்துகிறது.

இதைவிட ஆழமான வேறொரு பாகுபாடும் உண்டு. அது ஒரே ஒரு சொற்றொடரில் அடங்கியிருக்கிறது: "வயதாகிவிட்டதல்லவா, அப்படித்தான் இருக்கும்."

நம்முடைய மூத்த தாயார் ஒருவர் திடீரெனத் தடுமாற்றமாகப் பேசத் தொடங்கினார், வீட்டையே வேறு வீடு என்றார், இரவெல்லாம் தூங்கவில்லை. ஓர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கப்படவில்லை. கேள்விகள் யாவும் மகனிடமே கேட்கப்பட்டன. இரண்டு நிமிடத்தில், வயதின் மறதி, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து வேறோர் இடத்தில் இரத்தத்தைச் சோதித்தபோது சோடியம் அபாயகரமாகக் குறைந்திருந்தது தெரிந்தது. இரத்த அழுத்தத்துக்காக அவர் உட்கொண்டுவந்த, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை அதற்குக் காரணமாக இருந்தது. மாத்திரையை மாற்றி, உப்பின் அளவை மெல்ல மெல்லச் சரிசெய்தார்கள். அந்த வார இறுதிக்குள் தம் பேரப்பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னார்.

மருத்துவம் அறிந்தவர்களுக்கு இது வியப்பூட்டும் செய்தியல்ல. முதிர்ந்த உடலில் நோய்கள் வேறு முகத்தோடு வருகின்றன. நிமோனியா காய்ச்சலில்லாமல் வரலாம். மாரடைப்பு நெஞ்சுவலியில்லாமல் வரலாம். சிறுநீர்த் தொற்று மனக்குழப்பமாக வெளிப்படலாம். ஐந்தாறு மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த மாத்திரைகள் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. திடீரென்று வரும் குழப்பத்துக்கும் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் மறதி நோய்க்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் "வயது" என்று எழுதிவிட்டால், குணமாக்கக்கூடிய நோய் குணமாகாமலே போகிறது. நாற்பது வயதுக்காரர் ஒருவர் இப்படித் தடுமாறி வந்திருந்தால் அவசரப் பிரிவே ஓடியிருக்கும்.

இந்தப் பாகுபாட்டுக்கு அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1969-ஆம் ஆண்டிலேயே ஒரு பெயர் சூட்டினார். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதைக் குறித்துத் தனி அறிக்கையே வெளியிட்டது. உலகில் இருவரில் ஒருவர் முதியோரைக் குறித்துத் தாழ்வான மனப்பான்மை கொண்டிருக்கிறார் என்று அது கணித்தது. ஆகவே இதை ஒரு மருத்துவரின் கோபமாகவோ ஒரு செவிலியரின் அலுப்பாகவோ பார்க்க வேண்டாம். காலையில் நூற்றுக்கணக்கானோரைப் பார்த்து முடிக்கவேண்டிய இளம் மருத்துவர், ஐந்து நோய்களோடும் மந்தமான செவிகளோடும் வந்திருக்கும் முதியவருக்குத் தேவையான இருபது நிமிடத்தை எங்கிருந்து எடுப்பார்? அவருக்கு அந்த நேரத்தைக் கொடுக்கவேண்டியவர்கள் வேறிடத்தில் அமர்ந்திருக்கிறார்கள்.

சட்டம் இல்லை என்று எவரும் சொல்லமுடியாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் நிறைவேறியது. பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் பெற்றுத்தரும் சட்டமாகவே அதை நாம் அறிந்திருக்கிறோம். அதன் 20-ஆம் பிரிவைப் படித்துப்பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் மூத்த குடிமக்களுக்குப் படுக்கை, தனி வரிசை, நாட்பட்ட நோய்களுக்கான சிகிச்சை வசதி, மாவட்ட மருத்துவமனைதோறும் முதியோர் மருத்துவத்தில் அனுபவமுள்ள மருத்துவர் தலைமையில் தனி ஏற்பாடு என எல்லாவற்றையும் மாநில அரசின் கடமையாக அது எழுதிவைத்திருக்கிறது. படுக்கையைப் பற்றிய வரியில் மட்டும் "இயன்றவரை" என்ற பொருளுடைய சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் "கொர்பான்" என்ற ஒரே சொல்லால் பெற்றோருக்குரிய கடமையிலிருந்து தப்பித்துக்கொண்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டது இவ்விடத்தில் எனக்கு நினைவுக்கு வருகிறது. அரசாங்கத்தின் கொர்பான் "இயன்றவரை" என்பதாகும்.

2010-இல் முதியோருக்கான தேசிய சுகாதாரத் திட்டம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒருமுறை முதியோர் சிகிச்சை நாள், மாவட்ட மருத்துவமனையில் பத்துப் படுக்கைகளோடு தனி வார்டு என்பன அதன் வாக்குறுதிகள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த நாள் எந்தக் கிழமை என்று உங்களுக்குத் தெரியுமா? சென்ற மாதம் நான் கேட்ட ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

தமிழ்நாடு இத்துறையில் பின்தங்கித் தொடங்கவில்லை என்பதுதான் என் ஆற்றாமையை அதிகமாக்குகிறது. மருத்துவர் வி.எஸ். நடராசனின் முயற்சியால் 1978-இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கிற்று. முதியோர் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டப்படிப்பை முதன்முதலில் நடத்தியதும் சென்னை மருத்துவக் கல்லூரியே. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கட்டடம் முன்னமே எழும்பியிருந்தும் திறப்பு தாமதமாகிக்கொண்டே போயிற்று. இடையில் அது கொரோனா மருத்துவமனையாகப் பயன்பட்டது. அது நல்ல மருத்துவமனை. ஆனால் இராமநாதபுரத்து மூதாட்டி கிண்டிக்குப் போய் வருவது எப்படி? 2011 கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் நூற்றுக்கு 10.4 பேர் அறுபதைக் கடந்தவர்கள். 2021-க்கான மதிப்பீட்டில் அது 13.6 ஆயிற்று. திடீரென்று முளைத்த கூட்டமல்ல இது. எண்ணி அறிவிக்கப்பட்ட கூட்டம்.

நன்மையானதை மறைக்கக்கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தால் நம் சபையிலும் பலருடைய வீட்டு வாசலுக்கே இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகள் வருகின்றன. பெதஸ்தா மண்டபத்துக்கு ஆண்டவர் தாமே நடந்துபோனதுபோல், நடக்கமுடியாதவரிடம் மருத்துவம் நடந்துபோகிறது. 2024 அக்டோபரில் எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும், வருமானம் பாராமல், ஆண்டுக்கு ஐந்து இலட்ச ரூபாய் வரையிலான காப்பீட்டை மத்திய அரசு தொடங்கியது. அதுவும் நல்லதே. ஆயினும் அது மருத்துவமனையில் படுத்தவருக்கான காப்பீடு. முதியவரின் அன்றாடச் செலவோ படுப்பதற்கு முன்னே இருக்கிறது: மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, ஊன்றுகோல், டயப்பர், மருத்துவமனை செல்லும் ஆட்டோ. இவற்றை வாங்க வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள அறுபது வயதுக்காரருக்கு மத்திய அரசு தன் பங்காகத் தந்துவந்த மாத ஓய்வூதியம் 200 ரூபாய். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அது அசையாமல் நின்றது. மாநில அரசு தன் பங்கைச் சேர்த்து 2023-இல் 1,200 ஆக்கியது. அதைப் பெறுவதற்கும் உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகை கருவியில் பதியவேண்டும்!

"எண்பது வயதுக்காரருக்கு எல்லாச் சிகிச்சையும் அவசியமா?" என்று உங்களில் சிலர் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. 2 சாமுவேல் 19-இல் பர்சிலா என்ற எண்பது வயதுப் பெரியவரைப் பார்க்கிறோம். தம்மை ஆபத்தில் போஷித்த அவரைத் தாவீது எருசலேமுக்கு அழைக்கிறான். தன்னோடே வைத்துப் பராமரிப்பேன் என்கிறான். பர்சிலாவோ தம் வயதையும் குறைந்துபோன புலன்களையும் எடுத்துச்சொல்லி, தாய் தகப்பன் கல்லறை இருக்கும் ஊரிலேயே இருக்க விரும்புவதாகக் கூறி, தமக்குப் பதிலாகக் கிம்காமை அனுப்பிவைக்கிறார். வேண்டாம் என்று சொன்னவர் பர்சிலா. ராஜாவின் பங்கு, முழு மனதோடு அழைப்பதும் அவர் தீர்மானித்தபின் முத்தமிட்டு வழியனுப்புவதுமாக இருந்தது. கிழவருக்கு அரண்மனை எதற்கு என்று தாவீது முந்திக்கொண்டு முடிவுசெய்யவில்லை. அறுவைசிகிச்சை வேண்டாம், வீட்டிலேயே வலியில்லாமல் இருந்தால் போதும் என்று முதியவர் ஒருவர் விவரமறிந்து சொன்னால் அதற்குக் கீழ்ப்படிவோம். அவரிடம் கேட்காமலே கோப்பை மூடுவது வேறு. அந்தக் காரியத்தைச் சில வேளைகளில் மருத்துவர் செய்கிறார். சில வேளைகளில், வருத்தத்தோடு சொல்கிறேன், பிள்ளைகளே செய்கிறார்கள்.

தலை நரைத்தவரைக் கண்டால் எழுந்து நிற்கச் சொல்லும் கட்டளை லேவியராகமம் 19-இல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். அதற்கு அடுத்து அந்நியரை ஒடுக்கக்கூடாதென்ற கட்டளையும், தராசும் படிக்கல்லும் நியாயமாக இருக்கவேண்டுமென்ற கட்டளையும் வருகின்றன. முதியோர் மரியாதையை வீட்டுக்குள்ளான பண்பாகச் சுருக்கிவிட்டோம் நாம். நியாயப்பிரமாணம் அதைச் சந்தைத் தராசின் பக்கத்தில் வைத்தது. எனவே இதை அரசாங்கத்திடம் கேட்பது அவிசுவாசமும் அல்ல, அரசியலும் அல்ல. அநீதியுள்ள நியாயாதிபதியின் வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போன விதவையை ஆண்டவர் ஜெபத்துக்கு உதாரணமாகக் காட்டினார். அவள் அந்த வாசலுக்கு நடந்தே போனாள் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆகவே இரண்டு காரியங்களைத் தொடங்கியிருக்கிறோம். வாலிபர் சங்கத்திலிருந்து பன்னிரண்டு பேர், துணையில்லாத முதியவருக்கு மருத்துவமனைத் துணையாகச் செல்லப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெண்கள் வார்டுக்குப் பெண்களே தேவை, இன்னும் நான்கு சகோதரிகள் வேண்டும். செல்பவர்கள் முதியவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் உங்களைப் பார்த்துக் கேள்வி கேட்டால், "ஐயா, அவர்களிடமே கேளுங்கள்" என்று பணிவோடு சொல்லுங்கள். மற்றது மனு. 20-ஆம் பிரிவின்படி நம் மாவட்டத்தில் என்ன நடந்திருக்கிறது என்று கேட்டு எழுதியிருக்கிறோம்; திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப்போகிறோம். கிராமத்துச் சபையார் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதையே தீர்மானமாக முன்வைக்கலாம். தனித்து வாழும் முதியோர் இல்லங்களில் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். மனுவில் கையொப்பமிட விரும்புகிறவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப்பின் ஆலயத்தின் பக்கவாசலில் வாருங்கள். அங்கே படிக்கட்டு இல்லை, நாற்காலிகள் போட்டிருப்போம்.