கடவுச்சொல்லோடு கைமாறும் திறமை

கண்டியில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை விற்பதென்றாலும் பதிவுப் புத்தகம், கையெழுத்து, போட்டோப் பிரதி என்று இரண்டு மூன்று நாள் அலைச்சல் இருக்கிறது. ஃப்ரீ ஃபயர் என்ற கைப்பேசிச் சுடும் விளையாட்டின் கணக்கொன்றை விற்க ஐந்து நிமிடம் போதும். "ஐடி விற்பனைக்கு, லெவல் இவ்வளவு, இன்னின்ன கரெக்டர், இன்னின்ன துவக்கு" என்று முகநூலில் போடுகிறார்கள். விலை பேசிக் காசு கைமாறியதும் கடவுச்சொல்லும் கைமாறுகிறது. நிறுவனங்களின் விதிகள் இதைத் தடை செய்கின்றன. ஆனாலும் சந்தை நடந்துகொண்டுதான் இருக்கிறது. நேற்றுவரை லெவல் பத்தில் நின்ற பையன் இன்று காலை லெவல் எழுபதுக்காரன். அவனுடைய குறியோ நேற்றிருந்த இடத்திலேயே நிற்கிறது. இணையத்துச் சுடும் விளையாட்டுகளைப் பற்றி நம் பிள்ளைகளிடமும், இப்போது பெற்றோர் சிலரிடமும் ஊறிப்போன ஒரு நம்பிக்கை உண்டு: லெவல் ஏறினால் ஆள் ஏறிவிட்டான், திறன் புள்ளி சேர்ந்தால் திறன் சேர்ந்துவிட்டது, அதெல்லாம் அவன் உழைத்துச் சம்பாதித்தது. அந்த நம்பிக்கை பிழை. லெவல் அளப்பது செலவழித்த நேரத்தை. திறன் புள்ளி செய்வது, கையில் இருக்கவேண்டிய ஒன்றைக் கணக்கின் பெயரில் மாற்றி எழுதுவது.

இந்த லெவல் என்ற ஏற்பாடு சுடும் விளையாட்டுக்குச் சொந்தமானதே அல்ல. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டுதான் அனுபவப் புள்ளி, லெவல் இரண்டையும் பரப்பியது. அங்கே அதற்கு நியாயம் இருந்தது. விளையாடுபவர் மேசையில் உட்கார்ந்து பகடை உருட்டுகிறார். வாள் வீசுவது கதையிலுள்ள வீரன். அந்தக் கற்பனை ஆள் வளர்ந்தான் என்று காட்ட ஓர் எண் தேவைப்பட்டது. சுடும் விளையாட்டில் கதை தலைகீழ். குறி பார்ப்பதும், ஒதுங்குவதும், எதிரியின் காலடியைக் கேட்டுத் திரும்புவதும் விளையாடுபவரின் கண், காது, கட்டைவிரல். 1996இல் வந்த குவேக்கிலும், 1999இல் தொடங்கிய கவுண்டர் ஸ்ட்ரைக்கிலும் நேற்று வந்தவனும் ஐந்து வருடம் ஆடியவனும் ஒரே உடம்போடு, ஒரே துவக்குகளோடு இறங்கினார்கள். வித்தியாசம் முழுவதும் ஆளிடம் இருந்தது. பேட்டில்ஃபீல்ட் 2 போன்றவை 2005இலேயே பதவி உயர்வுக்குத் துவக்கு பரிசளித்துப் பார்த்தன. ஆனால் இந்தப் பழக்கத்தை உலகப் பழக்கமாக்கியது 2007இன் கோல் ஆஃப் டியூட்டி 4தான்: 55 லெவல்கள், ஏற ஏறத் திறக்கும் துவக்குகள், பேர்க் எனப்படும் விசேட ஆற்றல்கள். கற்பனை ஆளுக்காகச் செய்த ஏணியை இரத்தமும் சதையுமான ஆளின் மீது சாத்திவைத்தார்கள்.

அதே கோல் ஆஃப் டியூட்டி 4இல்தான் இந்த ஏணியின் குட்டை உடைக்கும் சான்றும் இருக்கிறது. அதன் கன்சோல் பதிப்பில் பிரெஸ்டீஜ் என்றொரு ஏற்பாடு. 55ஆம் லெவலைத் தொட்டவர் விரும்பினால் திறந்த எல்லாவற்றையும் இழந்து மீண்டும் முதல் லெவலுக்கு இறங்கலாம். ஈடாகப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னம் கிடைக்கும். இப்படிப் பத்துத் தடவை இறங்கியவர்கள் உண்டு. திறமை லெவலில் இருந்திருந்தால் அவர்கள் அன்று மாலையே புதியவனிடம் அடி வாங்கியிருக்க வேண்டும். ஆனால் ஆரம்பத் துவக்கை வைத்துக்கொண்டே அவர்கள் புதியவர்களை வாரிச் சுருட்டினார்கள். லெவலைக் கழற்றி வைத்த பின்னும் கழலாமல் நின்றது எதுவோ அதுதான் திறமை.

அனுபவப் புள்ளி சேரும் விதத்தைப் பாருங்கள். வென்றாலும் சேரும், தோற்றாலும் சேரும். கூடக் குறைய இருக்கலாம், ஆனால் ஒருபோதும் கழியாது. தினமும் உள்ளே வந்து முகம் காட்டினால் பரிசு, நாளாந்தப் பணிகளை முடித்தால் பரிசு, இரட்டிப்புப் புள்ளி அட்டை வைத்திருந்தால் அதே ஆட்டத்துக்கு இரண்டு மடங்கு. போதாததற்குப் புதியவர்களின் ஆட்டங்களில் பொட் எனப்படும் இயந்திர எதிரிகளை இறக்கிவிடுகிறார்கள். சுடுவதற்கென்றே வந்து நிற்கிற அந்தப் பாவப்பட்ட சீவன்களைக் கொன்றும் லெவல் ஏறுகிறது. கணினியில் ஆடும் பப்ஜிகூட 2020இல் பொட்டுகளைச் சேர்த்துக்கொண்டது. தோல்வியைக் கழிக்கத் தெரியாத எண்ணை அளவுகோல் என்று எப்படி அழைப்பது? அது பஸ்ஸின் கிலோமீற்றர் மானி. கண்டியிலிருந்து பேராதனைக்கும் திரும்பிக் கண்டிக்கும் எத்தனை தரம் ஓடியது என்று சொல்லும். சாரதி நன்றாக ஓட்டுகிறாரா என்று சொல்லாது.

"நேரம் போட்டால்தானே கை பழகும், ஆகவே நேரத்தை அளப்பதும் திறமையை அளப்பதும் ஏறக்குறைய ஒன்றுதானே" என்று கேட்பார்கள். எதிர்வாதங்களில் உருப்படியானது இது. ஆரம்பத்தில் உண்மையும்கூட, முதல் ஐம்பது மணி நேரத்தில் யாரும் முன்னேறுவார்கள். அதற்குப் பிறகு, பிழையைத் திருத்திக்கொண்டு ஆடுபவனின் வழி வேறு, பிழையையே பழகிக்கொண்டு ஆடுபவனின் வழி வேறு. லெவல் இருவருக்கும் ஏறிக்கொண்டே போகிறது. இந்தக் குழப்பத்தைக் கண்டிக்காரர்களுக்கு விளக்கத் தேவையே இல்லை, ஏனென்றால் உயர்தரப் பரீட்சை விடயத்தில் நாம் அதைத் தெளிவாக அறிவோம். டியூஷன் வகுப்புக்கு இரண்டு வருடம் ஒரு நாள் தவறாமல் போனவர் என்பதற்காக எந்தப் பல்கலைக்கழகமும் எவரையும் எடுப்பதில்லை. இசட் புள்ளி கேட்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புள்ளிவிபரவியல் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டிலின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த முறை 2001 தொட்டு நடைமுறையில் இருக்கிறது. ஒருவர் எடுத்த புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை நியம விலகலால் வகுத்துச் சொல்கிறது அது. மற்றவர்கள் நன்றாகச் செய்தால் உங்கள் நிலை இறங்கும். சதுரங்கத்தில் ஆர்பாட் ஈலோவின் தரப்புள்ளி முறையும் அப்படித்தான். உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970இல் ஏற்றுக்கொண்ட அந்த முறையில் தோற்றவரிடமிருந்து புள்ளி பிடுங்கப்படுகிறது. வெட்டுப்புள்ளிக்காக வருடக்கணக்காக நெஞ்சு படபடக்கும் ஒரு சமூகம், வரவுப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து இதுதான் பெறுபேறு என்று காட்டுபவரை நம்புவது எனக்கு விளங்கவில்லை.

லெவல் வெறும் எண்ணாக நின்றிருந்தால் இவ்வளவு கண்டிக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் பெருமைக்கு ஒரு எண்ணை வைத்துக்கொள்ளட்டும். அந்த எண்ணோடு பலம் சேரும்போதுதான் மோசடி தொடங்குகிறது. ஃப்ரீ ஃபயரில் கரெக்டர் எனப்படும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் ஆற்றல். ஒரு செயலாற்றலும் மூன்று துணையாற்றல்களுமாகக் கோத்துக்கொண்டு களமிறங்குகிறார்கள். பிரேசில் இசைக்கலைஞர் அலோக்கின் பெயரில் வந்த கரெக்டர் ஐந்து மீற்றர் வட்டத்துக்குள் நிற்பவர்களின் உயிரை நிரப்பி ஓட்டத்தையும் வேகப்படுத்தும். விளையாட்டுக்குள்ளே இருக்கும் கடையில் அதன் விலை, அங்கே காசாகச் செல்லும் டயமண்டில் 599 ஆக இருந்தது. நீண்ட காலம் கரெக்டர்களுக்கும் லெவல் இருந்தது, லெவலோடு ஆற்றலும் பெருத்தது. ஸ்கின் எனப்படும் துவக்கின் மேல்சட்டைகூட வெறும் அலங்காரம் அல்ல. சேதம் கூடும், தோட்டா நிரப்பும் வேகம் குறையும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. ஆக, இரண்டு பேர் எதிரெதிரே நின்று சுட்டு ஒருவர் விழுந்தால், விழுந்தது கை வேகம் போதாமலா, கணக்கு போதாமலா என்று விழுந்தவருக்கும் தெரியாது, வென்றவருக்கும் தெரியாது.

இதை யாராவது வெளியிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆடுகிறவர்கள் தாங்களே அறிந்து வைத்திருக்கிறார்கள். இரண்டு பையன்களுக்குள் யார் பெரியவன் என்று தகராறு வந்தால் என்ன செய்கிறார்கள்? கஸ்டம் ரூம் என்ற தனி ஆட்ட அறை போடுகிறார்கள். போட்டவுடன் கரெக்டர் ஆற்றலை அணைக்கிறார்கள், துவக்கின் சிறப்புக் குணத்தை அணைக்கிறார்கள். பிறகுதான் ஒற்றைக்கு ஒற்றை. நிசமான கேள்விக்கு விடை வேண்டியபோது திறன் புள்ளிகளைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள், கோயிலுக்குள் போகும்போது செருப்பை விடுவதுபோல. நம்பிக்கை வாயில் இருக்கிறது. விரல் வேறு சொல்கிறது.

காசு கொடுத்து வாங்குவதுதான் அநியாயம், நேரம் போட்டு எடுத்தால் நியாயம் என்று இடையில் புகுந்து சமரசம் பேசுபவர்கள் ஏராளம். அவர்களுக்கு 2017இன் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 நல்ல பாடம். டார்த் வேடர் என்ற பாத்திரமாக ஆட 60,000 கிரெடிட் வேண்டும் என்றார்கள். அதைச் சேர்க்க நாற்பது மணி நேரமளவில் ஆட வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டுக் கொந்தளித்தார்கள். அதை வெளியிட்ட இஏ நிறுவனம் விலையை நான்கில் ஒன்றாக்கியது; அதுவும் போதாமல் வெளியீட்டுக்கு முந்திய நாள் காசு வாங்கும் வழியையே மூடியது. 2018 மார்ச்சில் முறை முழுவதும் மாறியது. இனி பாத்திரத்தின் பலத்தைக் கூட்டும் ஆற்றல் அட்டைகளைக் காசுக்கு வாங்க முடியாது. ஆடி, லெவல் ஏறி, லெவலுக்கொரு திறன் புள்ளி பெற்று, அந்தப் புள்ளியால் திறக்க வேண்டும். எல்லோரும் கை தட்டினார்கள். எதற்கு? அட்டை இல்லாமல் இறங்கும் புதியவன் அட்டையோடு நிற்கும் பழையவனிடம் அன்றும் அதே மாதிரித்தான் செத்தான். சீட்டை விற்ற இடத்தில் வரிசையை வைத்தார்கள், அவ்வளவுதான்.

அந்த வரிசையில் எல்லோரும் சமமாக நிற்கிறார்கள் என்பதும் பொய். நகரத்தில் சொந்தப் போனும் வைஃபையும் உள்ள வீட்டுப் பிள்ளையின் ஒரு மணி நேரமும், தெல்தோட்டையிலோ கலஹாவிலோ லயன் வீட்டில் ஒரே போனை வீடு முழுவதும் பங்கிட்டு, ரீலோட் முடியுமட்டும் ஆடும் பிள்ளையின் ஒரு மணி நேரமும் ஒன்றல்ல. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் நாடு இருந்தது. நாளாந்தப் பணியும் சீசன் கெடுவும் நமக்காகக் காத்திருக்கவில்லை. அந்த வருடத் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டபோது, நேரமில்லாதவன் குறுக்கு வழியாக வாங்கும் டயமண்டின் கதியும் அதுவே. ஓர் எண் சார்ஜையும் டேட்டாவையும் வீட்டு வேலையில்லாத மாலைகளையும் கூட்டிச் சொல்கிறது. அதைப் பிள்ளையின் கெட்டித்தனம் என்று நாம் வாசிக்கிறோம்.

பேர்க்குகளும் ஆற்றல்களும் பலத்துக்கல்ல, விதம் விதமாக ஆடுவதற்கு என்று வாதிடுபவர்களுக்குப் பதில் சுருக்கமானது: அப்படியானால் முதல் நாளே எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். தெரிவு கொடுப்பதற்குப் பூட்டு எதற்கு? இலவச விளையாட்டு வேறெப்படிப் பிழைக்கும் என்ற கேள்வியும் அப்படியே. ஃபோர்ட்நைட் உடுப்பும் நடனமும் விற்றே கொழுத்தது. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் ஆயிரக்கணக்கான டொலருக்குப் போகும் வண்ணத் துவக்கும் சும்மா கிடைக்கும் துவக்கும் ஒரே சேதத்தைத்தான் செய்கின்றன. (அங்கே பெட்டி திறக்கும் சூதாட்டம் வேறு பிரச்சினை, பெல்ஜியம் 2018இல் அதைச் சட்டவிரோதம் என்றது.) பலத்தைப் பூட்டி வைப்பது பூட்டைத் திறக்கும் ஆசையை வளர்க்கத்தான். புதியவனைத் தேர்ந்த ஆட்டக்காரனோடு வேண்டுமென்றே சேர்த்து, அவன் கையிலுள்ள துவக்கின் மேல் ஆசையூட்டும் வழிமுறையொன்றுக்கு அக்டிவிஷன் நிறுவனம் 2017 ஒக்டோபரில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. எந்த விளையாட்டிலும் அதைப் பயன்படுத்தவில்லை என்றார்கள். நம்புவோம். யோசனை எந்தப் பக்கம் ஓடியது என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

லெவலை விட்டு டியர் எனப்படும் தரவரிசைப் படிகளின் பக்கம் ஒதுங்குபவர்களுக்கு ஓரளவு இடம் கொடுக்கலாம். பப்ஜி மொபைலின் உச்சப் படியான கொன்கரர் ஒரு சேவையகத்தின் முதல் 500 பேருக்கே உரியது. அது ஒப்பீட்டு அளவு, அதில் பொருள் உண்டு. அதற்குக் கீழே வரும் படிகளில் கடைசிவரை புல்லுக்குள் படுத்துக் கிடந்தே புள்ளி சேர்க்கலாம் என்பது ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். இன்னொரு வாதம், படிப்படியாக ஏறுவது நம் மரபிலேயே இருக்கிறதே என்பது. இருக்கிறது. கண்டிய நடனத்தில் பையன்கள் வருடக்கணக்காகப் பயின்ற பிறகுதான் நல்ல நாள் பார்த்து வெஸ் தலையணியைச் சூட்டுகிறார்கள். ஆனால் அங்கே ஒரு குரு பார்த்து, இவன் தயார் என்று முடிவு செய்கிறார். தலையணி ஆட்டத்தைச் செம்மையாக்குவதில்லை. செம்மையான ஆட்டத்துக்குத் தலையணி வருகிறது. தாளம் தப்பினால் அது தலையில் இருந்தாலும் பெரஹெரா பார்க்க வந்தவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் பாடசாலைகளுக்கிடையே, கழகங்களுக்கிடையே இந்த விளையாட்டுகளுக்குப் போட்டி வைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அணி சேர்க்கும்போது லெவல் கேட்காதீர்கள். பிள்ளைகளை ஒரு கஸ்டம் ரூமில் இறக்குங்கள், கரெக்டர் ஆற்றலையும் துவக்குக் குணத்தையும் அணையுங்கள், பத்து ஆட்டம் பாருங்கள். அந்த இரண்டு பொத்தான்களும் விளையாட்டிலேயே இருக்கின்றன. அழுத்துவதற்கு ஒரு டயமண்டும் செலவில்லை.