பரணில் கிடக்கும் லேப்டாப்பை இறக்குங்கள்

உத்திரமேரூர், சாலவாக்கம், மானாம்பதி பக்கம் எத்தனையோ வீடுகளில் அரசு கொடுத்த லேப்டாப் பரணிலோ பீரோ மேலேயோ கிடக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தமிழகப் பிள்ளைகளுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் கிடைத்தன. இன்று சிலவற்றில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. சிலவற்றில் விண்டோஸ் நகர மறுக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் வசதிகள் அந்தக் காலத்து மெஷின்களில் இல்லை. அதற்காக அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு பென்டிரைவ் இருந்தால் அவை மறுபடி ஓடும்.

அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸ் என்ற இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட நம் நாட்டு லினக்ஸ் அது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. லினக்ஸுக்கு ஹார்ட் டிஸ்க் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. பென்டிரைவிலிருந்தே அது இயங்கும். சாதாரண ‘லைவ்’ பென்டிரைவில் செய்த வேலை, மெஷினை அணைத்ததும் போய்விடும். ‘பெர்சிஸ்டென்ஸ்’ என்ற நிலைச்சேமிப்பு வசதி வைத்தால் போகாது. அச்சடித்த பாடப்புத்தகத்தின் மேல் கண்ணாடித்தாளை விரித்து எழுதுவதுபோல, லினக்ஸின் மூலப்பகுதி மாறாமல் இருக்க, நீங்கள் சேர்க்கும் ஃபைல்களும் மென்பொருள்களும் வைஃபை பாஸ்வேர்டும் தனி இடத்தில் பதிவாகும்.

செய்முறை எளிது. 16 அல்லது 32 ஜிபி யூஎஸ்பி 3.0 பென்டிரைவ் ஒன்று வாங்குங்கள். ஓடும் நிலையிலுள்ள ஒரு விண்டோஸ் கணினியில் டெபியன், லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் ஒன்றைப் பதிவிறக்கி, ‘ரூஃபஸ்’ என்ற இலவச மென்பொருளால் பென்டிரைவில் எழுதுங்கள். நிலைச்சேமிப்புக்கு எத்தனை ஜிபி என்று அதிலேயே கேட்கும். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். மெஷினை ஆன் செய்ததும் எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றில் உங்கள் மெஷினுக்கு உரியதை அழுத்தி பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். ரேம் குறைவென்றால் எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான முகப்பு நல்லது. ஷட்டவுன் செய்யாமல் பென்டிரைவைப் பிடுங்காதீர்கள். திரும்பத் திரும்ப எழுதினால் அது ஒருநாள் தேய்ந்துபோகும். முக்கியமான ஃபைல்களுக்கு இன்னொரு பிரதி அவசியம்.

சொந்தக் கணினியே இல்லாத பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அனுமதி பெற்று, பள்ளி லேபிலோ பக்கத்து வீட்டிலோ இந்தப் பென்டிரைவைச் செருகினால், நேற்று பாதியில் விட்ட பைத்தான் பாடமும் தமிழ்99 விசைப்பலகையும் வைத்தது வைத்தபடி இருக்கும். அந்த மெஷினின் ஹார்ட் டிஸ்க்கை நாமாகத் தொடாதவரை அதில் எதுவும் மாறாது. பாடத்தைத் தொடர, கணினி வாங்கும் நாள்வரை ஒரு பிள்ளை காத்திருக்கவேண்டியதில்லை.

சந்தேகம் வந்தால் உதவிக்கு ஆள் பக்கத்திலேயே உண்டு. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடித் தமிழிலேயே பேசுகிறார்கள். 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ இதழ் லினக்ஸ் பாடங்களைத் தமிழில் இலவசமாகத் தருகிறது. இந்த மாதம் ஒரு லேப்டாப்பையாவது தூசி தட்டி ஓடவிட்டு, தேவைப்படும் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். எப்படிப் போனது என்று எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்